ஒஹாயோவில் ஒரு சி பிளஸ்: பல் மருத்துவக் கல்லூரிக்கு நான் தயாரான விதம்

மதுரையிலிருந்து பெரியம்மா பேசினால் ஒரு கேள்வி நிச்சயம் வரும். "ஏண்டி, இன்னும் காலேஜுக்குத்தான் போயிட்டிருக்கியா? எப்பத்தான் டாக்டர் ஆவ?" அவர் கேட்பதில் தப்பில்லை. ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீட் எழுதினால் நேராக பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் படிப்பு; பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்து வருடம். இங்கே அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், அப்புறம்தான் நான்கு ஆண்டு பல் மருத்துவம். சில கல்லூரிகள் டி.டி.எஸ். என்று பட்டம் கொடுக்கும், சில டி.எம்.டி. என்று. பெயர்தான் வேறு, படிப்பு ஒன்றுதான்.

"அப்பவே ஊருக்கு அனுப்பி பி.டி.எஸ். படிக்க வச்சிருக்கலாம்" என்று மாமாவும் சொன்னார். இங்குள்ள பல தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு ஓடுகிறது. ஆனால் ஊரில் பி.டி.எஸ். முடித்துவிட்டு இங்கே தொழில் செய்ய வேண்டுமென்றால் ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வு எழுத வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அதோடும் விடாது. இங்குள்ள கல்லூரியில் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டு படிக்க வேண்டும், அந்த இடங்களுக்கும் கடும் போட்டி. மாமா நினைப்பது போல அது குறுக்கு வழி இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். ஒஹாயோவில் கல்லூரி சேர்ந்த முதல் மாதத்திலேயே டாட் (DAT) என்ற பல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான கனமான புத்தகம் ஒன்றை வாங்கிவிட்டேன். நுழைவுத் தேர்வுதான் எல்லாம் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நினைத்ததன் விளைவு அது. நான் அதைப் புரட்டிக்கொண்டிருந்த பருவத்தில்தான் பொது வேதியியலில் சி பிளஸ் என்ற சுமாரான மதிப்பெண் வாங்கினேன்.

அதன் விலை பின்னால்தான் தெரிந்தது. விண்ணப்பங்கள் ஆட்சாஸ் என்ற பொது அமைப்பின் வழியாகப் போகின்றன (டெக்சஸ் மாநிலக் கல்லூரிகளுக்குத் தனி அமைப்பு உண்டு). கல்லூரி அளவில் நீங்கள் எடுத்த ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் அங்கே கணக்கில் வரும். உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றுக்கும் தனியாக ஒரு ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, போடுவார்கள். ஒரு பாடத்தை மறுபடி படித்து ஏ வாங்கினாலும் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டும் சேர்ந்துதான் சராசரி. உங்கள் கல்லூரி பழையதை எடுத்துவிட்டாலும் ஆட்சாஸ் எடுக்காது. இது முன்பே தெரிந்திருந்தால் அந்தப் புத்தகத்தை முதல் வருடம் தொட்டிருக்கவே மாட்டேன். முதல் இரண்டு ஆண்டு பாடத்தைப் படியுங்கள். டாட்டுக்குத் தனியாக மூன்று மாதம் ஒதுக்கினால் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த மூன்று மாதத்தை எப்போது வைப்பது? விண்ணப்பம் மே மாதம் திறக்கும், ஜூன் தொடக்கத்தில் அனுப்பலாம். அனுப்புவது பல் மருத்துவக் கல்லூரியில் சேரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டு. கல்லூரிகள் விண்ணப்பங்களை வந்த வரிசையிலேயே படிக்கத் தொடங்கி நேர்காணலுக்கு அழைக்கிறார்கள் என்பதால், கடைசித் தேதி வரை காத்திருப்பவர்களுக்கு மிச்ச இடம்தான். ஆகவே மூன்றாம் ஆண்டு முடிகிற கோடைக்குள் தேர்வு முடிந்துவிட வேண்டும். நான் 2025 ஜூனில் எழுதினேன்.

தேர்வை நடத்துவது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், எழுதுவது கணினி மையத்தில். அறிவியலில் 100 கேள்விக்கு 90 நிமிடம்: உயிரியல் 40, பொது வேதியியல் 30, ஆர்கானிக் (கரிம) வேதியியல் 30. அப்புறம் பி.ஏ.டி. என்ற வடிவப் பகுதி, 90 கேள்விக்கு 60 நிமிடம். அரை மணி இடைவேளை. பிறகு வாசிப்பு, கணக்கு. கணக்குப் பகுதிக்கு மட்டும்தான் திரையில் கால்குலேட்டர் தெரியும். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள். பழைய அனுபவங்களைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 மார்ச்சுக்கு முன் மதிப்பெண் 1 முதல் 30 வரை இருந்தது, இப்போது 200 முதல் 600 வரை. "20 வாங்கினால் போதும்" என்று எங்காவது பார்த்தால் அது பழைய கணக்கு.

என்னைப் படுத்தி எடுத்தது பி.ஏ.டி.தான். ஆறு வகை, ஒவ்வொன்றிலும் 15 கேள்வி. மடித்த தாளில் ஓட்டை போட்டால், பிரித்ததும் எங்கெங்கே ஓட்டை இருக்கும் என்று ஒரு வகை. அடுக்கிய கனசதுரங்களின் வெளிப்பக்கத்துக்கு வண்ணம் பூசினால் இரண்டு பக்கம் வண்ணம் பட்டவை எத்தனை என்று ஒரு வகை. நான்கு கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தும் வகையில் எல்லாமே ஒன்று போலத்தான் தெரியும். முதல் மாதிரித் தேர்வில் 90க்கு 41 சரி. மனசு விட்டுப்போயிற்று.

இதற்கு மூளையில் பாதி, கையில் பாதி என்று பிறகு புரிந்தது. ஓட்டைக் கேள்விக்கு நிஜமாகவே தாளை மடித்து, பஞ்ச் செய்து, பிரித்துப் பார்த்தேன். ஒரு வாரம் வீடெல்லாம் வட்ட வட்டக் காகிதத் துணுக்கு, அம்மா துடைப்பத்தோடு என் பின்னாலேயே வந்தார். பத்து நாளில் மடிப்புக்கோடு கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது என்பது கண்ணுக்குப் பழகிவிட்டது. கோலத்தில் ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் தானாக வருகிறதே, அதே கணக்கு. கனசதுரத்துக்கு 0 முதல் 5 வரை ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டையையும் ஒரே முறை எண்ணிக் கோடு போடுங்கள். ஒரே படத்துக்குப் பல கேள்வி வருவதால் அந்த ஒரு அட்டவணையே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். மையத்தில் காகிதம் தர மாட்டார்கள், பிளாஸ்டிக் அட்டையும் மார்க்கர் பேனாவும்தான். வீட்டிலும் அப்படியே பழகுவது நல்லது. கோணங்களுக்குத் தினமும் 15 நிமிடம் பார்ப்பதைத் தவிர வேறு மருந்து எனக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பகுதி இல்லாத பழைய காலத்தில் சாக்பீஸைச் செதுக்கச் சொல்வார்களாம். பள்ளியில் சாக்பீஸில் பிள்ளையார் செதுக்கியவர்களுக்கு அது தோதாக இருந்திருக்கும்.

தேர்வை விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஷேடோயிங், அதாவது பல் மருத்துவர் பக்கத்தில் நின்று வேலையைப் பார்ப்பது. 100 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இருபதுக்கும் மேற்பட்ட கிளினிக்குகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது, அதுவும் முடியாது என்று. கடைசியில் ஒரு மத்தியான வேளையில் நேரில் போய் வரவேற்பில் நின்றேன். அங்கிருந்த வயதான மருத்துவர் "திங்கட்கிழமை வா" என்றார். அவ்வளவுதான்.

முதல் நாள் நான் டிரில் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையைப் பார் என்றார் அவர். கண்ணாடியைப் பிடித்த அந்தக் கை நாக்கை ஒதுக்கி, கன்னத்தை விலக்கி, வெளிச்சத்தைப் பல் மேல் திருப்பிக்கொண்டிருந்தது. அப்புறம் நோயாளியின் கையைப் பார்க்கச் சொன்னார். வலிக்கவில்லை என்று தலையாட்டுகிறவர்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருப்பார்கள். அன்று சாயங்காலமே இதையெல்லாம் நோட்டில் எழுதினேன். நீங்களும் எழுதி வையுங்கள். 4,500 எழுத்துக்குள், இடைவெளியும் சேர்த்து, விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு அதுதான் சரக்கு. என் முதல் வரைவு டம்ளர் தண்ணீரில் கிடந்த பாட்டியின் பல்செட்டில் ஆரம்பித்தது. அதைப் படித்துப் பார்த்த பேராசிரியர் அழகாக இருக்கிறது, ஆனால் இதில் நீ எங்கே என்று கேட்டார். பல்செட் போய் அந்த இறுகிய கை வந்தது. பரிந்துரைக் கடிதம் கேட்பதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். பேராசிரியர்களுக்கு இரண்டு மாத அவகாசமாவது வேண்டும்.

பணத்தைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடன் வாங்கிப் படித்து முடிப்பவர்களின் சராசரிக் கடன் ஏறத்தாழ 3 லட்சம் டாலர். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. மிச்சத்துக்குத் தனியார் வங்கிதான். சொந்த மாநில அரசுக் கல்லூரியை நான் பட்டியலில் முதலில் வைத்ததற்கு இதுதான் காரணம். அப்பா அதற்காகவே ஒரு எக்செல் போட்டு வைத்திருக்கிறார், நான் அதை அதிகம் திறப்பதில்லை.

நேர்காணலில் அந்த சி பிளஸ்ஸைப் பற்றிக் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன், தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். கையால் என்ன வேலை செய்வாய் என்பதுதான் அடுத்தது. மற்ற மாணவர்கள் கிதார், தையல் என்று ஏதாவது சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது பாட்டி சொல்லிக்கொடுத்த கைமுறுக்குதான். மாவை விரலால் முறுக்கி முறுக்கி நான்கு சுற்று சுற்றுவதை ஆங்கிலத்தில் விளக்கத்தான் திணறிப் போனேன். கடைசியில் எழுந்து நின்று காற்றில் சுற்றிக் காட்டினேன். டிசம்பரில் சேர்க்கைக் கடிதம் வந்தது.