போர்க்கால செய்திப்படங்களை வகுப்பறைத் திரைக்குக் கொண்டுவருவது

மதுரையில் ஓவியம் படிக்கும் மாணவர்களுக்காக, இரண்டாம் உலகப் போரின்போது கலையும் படிப்பும் எப்படி நடந்தன என்பதை அந்தக் காலப் படத்துண்டுகளை வைத்தே 40 நிமிடத் தொகுப்பாக்கினோம். படம் கிடைப்பதில் சிரமமில்லை. பழைய செய்திப்பட நிறுவனமான பிரிட்டிஷ் பாத்தே 2014-ல் சுமார் 85,000 துண்டுகளை யூடியூபில் ஏற்றிவிட்டது. அமெரிக்க ராணுவமும் அரசுத் துறைகளும் எடுத்தவை இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தில் ஏராளம். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். திரையில் தெரிவது நடந்ததா, கேமராவுக்காக நடத்திக் காட்டியதா என்று ஷாட் ஷாட்டாகத் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு ஒரு எக்செல் தாள் போதும். தொடக்க நேரம், முடிவு நேரம், எடுத்தவர், ஆண்டு, ஒலி அங்கேயே பதிவானதா பிறகு சேர்த்ததா, நிஜமா நடிப்பா என்று ஆறு கட்டங்கள். கடைசி இரண்டையும் காலியாக விட்ட எந்தத் துண்டையும் தொகுப்பில் சேர்க்கவில்லை. செய்திப்படக்காரர்கள் பெரும்பாலும் ஒலியில்லாமல் எடுத்து, பிறகு இசையும் சத்தமும் வர்ணனையும் ஏற்றினார்கள். வகுப்பில் பிள்ளைகள் கலகலவென்று சிரிக்கும் சத்தம் வேறெங்கோ பதிவானதாக இருக்கலாம். அதனால் முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

நடிப்பைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஒரே ஆள் கதவைத் திறப்பது வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் தெரிந்தால் இரண்டு முறை திறக்க வைத்திருக்கிறார்கள். நிலவறைக்குள் சுவரில் கூர்மையான நிழல் விழுந்தால் விளக்கு கொண்டுபோயிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர்கூட கேமராவைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், பார்க்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் சிற்பி ஹென்றி மூர் இதற்கு நல்ல உதாரணம். குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் தூங்கியவர்களை அவர் வரைந்தது 1940-41-ல். அதுவும் அங்கே உட்கார்ந்து அல்ல. அகதிபோல் படுத்திருப்பவர்கள் முன் நோட்டை விரிப்பது முறையில்லை என்று குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டில் நினைவிலிருந்து வரைந்தார். ஜில் கிரெய்கி இயக்கி 1944-ல் வந்த 'அவுட் ஆஃப் கேயாஸ்' படத்துக்காக நிலையத்தில் அவரைக் காட்டும் காட்சி பிறகு அமைத்து எடுத்ததுதான். அதற்காக அந்தப் படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. 'மறுபடி நடித்துக் காட்டியது' என்று எழுதிவிட்டுக் காட்டினால் மாணவர்கள் இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள்.

லண்டன் நேஷனல் கேலரியைக் காட்டும் துண்டுகளுக்குப் பின்கதை சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. ஓவியங்கள் 1939-லேயே லண்டனை விட்டு வெளியேறி, 1941-ல் வேல்ஸில் உள்ள மேனட் கற்சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. காலியான கூடத்தில்தான் 1939 அக்டோபரிலிருந்து பியானோ கலைஞர் மைரா ஹெஸ் ஏற்பாட்டில் மதியக் கச்சேரி நடந்தது. 1942 முதல் மாதத்துக்கு ஒரு ஓவியத்தை மட்டும் லண்டனுக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

நம்மூர்ப் பக்கம் வந்தால், இந்தியாவில் அரசு 1943-ல் தொடங்கிய 'இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா' படங்களைக் கொட்டகைகள் ஓட்டியே ஆகவேண்டும் என்று இருந்தது. எடுத்தவர் யார் என்ற கட்டத்தில் 'அரசு' என்று எழுதினால் போதாது. எதைக் காட்டாமல் விட்டிருப்பார்கள் என்றும் கேட்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக்கு ஏ.கே. செட்டியார் இருக்கிறார். கோட்டையூர்க்காரர், பல நாடுகள் சுற்றி, பலர் எடுத்த காந்தி காட்சிகளைச் சுமார் 50,000 அடி திரட்டி, அதில் 12,000 அடியைத் தேர்ந்து 1940-ல் வெளியிட்டார். 35 மி.மீ. சுருளில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 12,000 அடி என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கில் மூன்று பங்கை வெட்டும் தைரியம் தொகுப்பவருக்கு வேண்டும்.

கணினியில் அதிகம் படுத்துவது ஃபிரேம் வேகம். மூலப்படம் நொடிக்கு 24 ஃபிரேம். பிரிட்டிஷ் பிரதிகள் பல 25-ல் ஓடுவதால் 4 சதவீதம் வேகமாகவும் குரல் சற்றுக் கீச்சென்றும் இருக்கும். அமெரிக்கப் பிரதிகள் 30. மூன்றையும் அப்படியே ஒரே டைம்லைனில் (மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை) போட்டால் நடப்பவர் திக்கித் திக்கி நடப்பார். 25-ல் டைம்லைனை வைத்து, நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள துண்டுகளை 25 ஆக்கிவிட்டால் அவற்றில் திக்கல் போகும். ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ், அதாவது ஒரு ஃபிரேமை ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக இரண்டாகப் பிரித்துப் பதிந்தது. வெட்டுவதற்கு முன்பே அதை நீக்கும் டீஇன்டர்லேஸ் செய்துவிட வேண்டும், அளவை மாற்றிய பிறகு செய்தால் போகாது.

பழைய படம் 4:3. அகலத் திரைக்காக இழுத்தால் முகங்கள் சப்பையாகும். 1920-க்கு 1080 சட்டத்தில் படம் 1440 பிக்சல்தான் பிடிக்கும். நடுவில் வைத்தால் இருபுறமும் 240 மிஞ்சும். தமிழ்ச் சொல் அதில் அடங்காது. படத்தை வலது ஓரத்துக்குத் தள்ளினால் இடப்பக்கம் 480 கிடைக்கும். ஆண்டு, எடுத்தவர், 'நிஜம்' அல்லது 'நடிப்பு' மூன்றையும் அங்கே போட்டோம். எடிட்டிங் மென்பொருளில் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்து பி.என்.ஜி. படமாக ஏற்றலாம்.

வர்ணனையில் நிமிடத்துக்கு 80 சொல்லைத் தாண்டக் கூடாது. ஆங்கில வர்ணனையை வரிக்கு வரி மாற்றினால் படம் முடிந்த பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும்.

மூர் துண்டு முடிந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, அவர் கையாண்ட மெழுகு முறையை மாணவர்களையே செய்ய வைக்கலாம். கார்ட்ரிட்ஜ் தாளில் வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் அழுத்தி வரைந்து, மேலே தண்ணீர் கலந்த கறுப்பு மையைத் தடவினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். ஏ4 ஜெராக்ஸ் தாள் சுருண்டுவிடும். மையில் தண்ணீர் குறைந்தால் எல்லாம் கறுத்துப்போகும்.

காப்புரிமையைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டத்தின் 52(1)(ஜே) பிரிவு, மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்க்கும் கல்வி நிறுவனத் திரையிடலை அனுமதிக்கிறது. போஸ்டர் ஒட்டி ஊரைக் கூப்பிட்டால் அது பொருந்தாது. ஆவணக் காப்பகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும்.

பகலில் திரையிட்டால் ஜன்னலுக்கு விளக்குத்தூண் பக்கம் கிடைக்கும் கறுப்பு காடாத் துணியை இரண்டு மடிப்பாகப் போட வேண்டும்; ஒற்றையில் மதுரை வெயில் நிற்காது. சித்திரைத் திருவிழா நாட்களில் தெருவெல்லாம் மைக் செட் என்பதால் அந்த வாரத்தைத் தவிர்ப்பது உத்தமம்.