ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும் முன் எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நாள் முழுக்கத் துணி, எலாஸ்டிக், தையல், ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்றே பேசிக்கொண்டிருப்பதால் தோழிகள், சித்தி பெண்கள், ஜிம்மில் பழக்கமானவர்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ஸ்போர்ட்ஸ் பிரா நல்லா இருக்கும்?" பிராண்டு பெயரைச் சொல்வேன் என்று நினைத்துக் கேட்கிறார்கள். "அதைப் போட்டுட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால் கொஞ்சம் முழிக்கிறார்கள். காலையில் வாக்கிங், சாயங்காலம் ஜூம்பா, ஞாயிற்றுக்கிழமை ஷட்டில், எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்றுதான் பெரும்பாலானவர்கள் இருக்கிறார்கள். போதாது.

ஏன் என்றால், மார்பகத்துக்குள் தசை கிடையாது. உடற்பயிற்சி செய்து இறுக்கிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அதைத் தாங்குவது மேல்தோலும், உள்ளே ஓடும் கூப்பர் லிகமெண்ட் என்கிற மெல்லிய இழைகளும் மட்டும்தான். ஓடும்போது அது மேலும் கீழும் மட்டும் குதிப்பதில்லை, பக்கவாட்டிலும் போகிறது, முன்னும் பின்னும் போகிறது. மூன்றையும் சேர்த்து வரைந்தால் ஏறக்குறைய எட்டு என்ற எண்ணின் வடிவம் வரும். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சிக் குழு பல வருடமாக வேலை செய்கிறது. சின்ன சைஸ் உள்ளவர்களுக்கும் இந்த அசைவு உண்டு, அளவுதான் குறைவு. "எனக்கெல்லாம் எதுக்கு" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஸ்போர்ட்ஸ் பிரா வந்த கதையும் சுவாரசியமானது. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்பவர் ஓடப் போகும்போதெல்லாம் அவதிப்பட்டு, தோழி பாலி ஸ்மித்திடம் சொல்ல, ஹிண்டா மில்லரும் சேர்ந்துகொண்டார். பட்டை தோளிலிருந்து நழுவக்கூடாது, கொக்கி குத்தக்கூடாது, தையல் உராயக்கூடாது, இதுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. கடைசியில் ஆண்கள் விளையாடும்போது போடும் சப்போர்ட்டர் இரண்டை வெட்டிச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள், வேலை செய்தது. 'ஜாக்பிரா' என்று பெயர் வைத்து விற்றார்கள், 1979இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆண்களுக்கு அந்தச் சப்போர்ட்டர் வந்து நூறு வருடம் தாண்டிய பிறகுதான் நமக்கு இது வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கடையில் தொங்குவதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று தலைவழியாகப் போடுவது, கப் பிரிவே இல்லாமல் மொத்தமாக அமுக்கிப் பிடிப்பது. இன்னொன்று ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி கப்பில் வைத்துத் தாங்குவது, பார்க்கச் சாதாரண பிரா மாதிரிதான் இருக்கும். ஏ, பி என்கிற சின்னக் கப் அளவு உள்ளவர்களுக்கு அமுக்குகிற வகையே பல வேலைகளுக்குப் போதும். சி, டி-க்கு மேல் போனால், குதிக்கிற வேலைகளுக்குத் தனிக் கப்பும் அமுக்கமும் சேர்ந்த வகைதான் சரிப்படும். நடுவில் பிரிவு இல்லாமல் அமுக்கினால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பாரமாக ஆடும், நடுவில் வேர்த்து வேர்க்குருவும் வரும்.

இனி முக்கியமான இடம். பாரத்தைத் தாங்குவது தோள்பட்டை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அதனால்தான் ஆடுகிறது என்றதும் கை நேராகத் தோள்பட்டையை இறுக்கப் போகிறது. பெரும்பகுதி பாரத்தை ஏற்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றி வரும் அடிப்பட்டி. அடிப்பட்டி லூசாக இருந்து தோளை மட்டும் இறுக்கினால் முதுகுப் பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், முன்பக்கம் கீழே இறங்கும், தோளில் பள்ளம் விழும், சாயங்காலம் கழுத்து வலிக்கும். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அடிப்பட்டி முன்னும் பின்னும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கையை மேலே தூக்கினால் அது இடம் விட்டு ஏறக்கூடாது. இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழைந்தால் லூசு.

எங்கள் செக்கிங் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். எலாஸ்டிக் ரோல் வந்தால் மீட்டர் கணக்கெல்லாம் அப்புறம், முதலில் ஒரு சாண் அளவு பிடித்து நன்றாக இழுத்து விடுவார். பட்டென்று பழைய இடத்துக்கு வந்தால் சரி. கொஞ்சம் அலையடித்து மெதுவாகத் திரும்பினால், "இதுல உசுரே இல்லீங்க மேடம்" என்று தள்ளி வைத்துவிடுவார். லேப் ரிப்போர்ட் பெரும்பாலும் அவர் சொன்னதையேதான் பிறகு சொல்லும். கடையில் நீங்களும் இதையே செய்யலாம், விற்கிறவர் முறைத்தாலும் பரவாயில்லை. இழுவை முக்கியமில்லை, திரும்பி வருவதுதான் முக்கியம். துணியும் அப்படித்தான். தடிமனாக இருந்தால் தாங்கும் என்று நினைக்காதீர்கள், ஜி.எஸ்.எம். அதிகமாக இருந்தும் கொழகொழவென்று நீளுகிற துணி உண்டு. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் லெக்கிங்ஸில் 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா என்று இருக்கும். ஓடுவதற்கான பிராவில் நைலானோ பாலியஸ்டரோ 80 பக்கத்தில், லைக்ரா 20 பக்கத்தில் இருந்தால் நல்ல பிடிமானம் கிடைக்கும். முன்பக்கம் உள்ளே பவர் நெட் என்கிற இறுக்கமான வலைத்துணி லைனிங் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

காட்டன்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பனியன் ஊர்க்காரி நானே சொல்கிறேன், உடற்பயிற்சிக்கு அது ஒத்துவராது. வியர்வையைக் குடித்துக்கொண்டு கனத்துப்போய் அப்படியே ஒட்டிக்கிடக்கும், ஏப்ரல் மே மாதத்தில் மார்புக்கு அடியில் படை வருவதற்கு அதுவே போதும். வீட்டில் யோகா செய்ய, மெதுவாக நடக்க என்றால் காட்டன் லைக்ரா தாராளமாகப் போதும்.

இப்போது வேலை வாரியாக. நடைப்பயிற்சிக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, அடிப்பட்டி மட்டும் சரியாக இருக்கட்டும். யோகாவுக்கு அமுக்கம் குறைவாக இருக்கலாம், ஆனால் கழுத்து கொஞ்சம் மேலே ஏறி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வாங்காசனத்தில் எல்லாம் முகத்தை நோக்கி வரும். புஜங்காசனத்தில் குப்புறப் படுக்கும்போது முன்பக்க ஜிப் குத்தும், சவாசனத்தில் முதுகுக் கொக்கி குத்தும். கொக்கியும் ஜிப்பும் இல்லாத மெத்தென்ற வகை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜிம்மில் வெயிட் தூக்குகிறவர்கள் குதிப்பதில்லை என்பதால் நடுத்தரப் பிடிமானம் போதும். ஆனால் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: முதுகுப் பக்க டிசைன். பெஞ்ச் பிரஸ்ஸில் மல்லாந்து படுத்தால் கொக்கி வரிசை முழுக்க முதுகெலும்பில் அழுந்தும். ஸ்குவாட்டுக்கு பார்பெல்லைத் தோளுக்குப் பின்னால் வைக்கிறீர்கள் என்றால், பட்டையை நீட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் வளையம் சரியாக அந்தக் கம்பிக்கு அடியில் வந்து உட்காரும். வளையம் இல்லாத, தையல் தட்டையாக இருக்கிற ஃப்ளாட்லாக் போட்டதைத் தேடுங்கள். முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஆறு கயிறு போட்ட டிசைன்கள் இன்ஸ்டாகிராமுக்கு அழகு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஓட்டம், ஸ்கிப்பிங், ஜூம்பா மூன்றும் ஒரே வரிசையில் வரும், மூன்றுக்கும் இருப்பதிலேயே பிடிமானம் அதிகமானதுதான் வேண்டும். பாக்கெட்டில் "ஹை இம்பேக்ட்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அது அந்தந்த பிராண்டு தானே ஒட்டிக்கொள்கிற பட்டம். அகலமான பட்டை, அகலமான அடிப்பட்டி, பின்னால் கொக்கி இருக்கிற வகை நல்லது. கொக்கி ஏன் என்றால், ஒன்று, எலாஸ்டிக் தளரத் தளர உள்வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது கடைசி வரிசையில், அதாவது லூசான வரிசையில், சரியாக இருப்பதைத்தான் வாங்க வேண்டும். இரண்டு, நனைந்துபோன இறுக்கமான பிராவைத் தலைவழியாகக் கழற்றும்போது பாதியில் கை மேலே மாட்டிக்கொண்டு, கண் தெரியாமல், உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று நிற்கிற நிலைமை இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ரேசர்பேக் என்கிற முதுகில் ஒன்று சேரும் பட்டை நழுவாது, கையை வீச வசதி, ஆனால் ஏற்கெனவே கழுத்து வலி உள்ளவர்களுக்குப் பாரம் முழுக்கக் கழுத்துப் பக்கம் ஏறுவதால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் நேர்ப்பட்டை எடுக்கலாம். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் அடிப்பட்டி உராயும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்வது வழக்கம், இல்லாவிட்டால் குளிக்கும்போது எரிச்சலில் தெரியும்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிரா போட்டு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவசரத்துக்குச் சரி. இரண்டில் எதுவும் உங்கள் அளவு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். மூச்சை ஆழமாக இழுக்கும்போது விலா எலும்பு விரிய இடம் வேண்டும், அது முடியவில்லை என்றால் அளவு தவறு.

ஷட்டில், சிலம்பம், பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களுக்குப் பக்கவாட்டு அசைவும் திடீரென்று நிற்பதும்தான் பிரச்சினை. அக்குள் பக்கம் துணி உயரமாக வந்து பிடிக்க வேண்டும், அதே சமயம் கையைச் சுழற்றும்போது அறுக்கக்கூடாது. ட்ரையல் ரூமிலேயே ஒரு ஸ்மாஷ் அடித்துப் பார்த்துவிடுங்கள். நீச்சலுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், குளத்துக் குளோரின் லைக்ராவைச் சீக்கிரமே தின்றுவிடும்.

அளவு விஷயத்தில் எஸ், எம், எல் என்பது பெரிய ஏமாற்று. அடி சுற்றளவு குறைவாக, கப் பெரியதாக இருப்பவர் அதில் எங்கே போவார்? இஞ்ச் டேப் எடுத்து மார்புக்குக் கீழே மூச்சை விட்டு ஒட்டினாற்போல் ஒரு அளவு, மார்பின் உயரமான இடத்தில் தளர்வாக ஒரு அளவு எடுங்கள். கீழே 34, மேலே 37 என்றால் வித்தியாசம் மூன்று இஞ்ச், அதனால் சி கப், 34சி. ஒரு இஞ்ச் ஏ, இரண்டு பி என்று அப்படியே போகும். பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும், அதனால் அவர்கள் அட்டையையும் பாருங்கள். கடையில் 34சி இல்லை என்றால் 36பி கொடுப்பார்கள், கப் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அடிப்பட்டி இரண்டு இஞ்ச் லூசு. சாதாரண பிராவுக்குப் போகட்டும் என்று விடலாம், ஓடுவதற்கு விடக்கூடாது. மாதவிடாய்க்கு முந்தின வாரம் வீக்கம் இருக்கும், அந்த நேரத்தில் அளவெடுக்காமல் இருப்பது நல்லது. பால் கொடுக்கிற அம்மாக்கள் மிகவும் அமுக்குகிறதைப் போட்டால் பால் கட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போவது, முடிந்ததும் உடனே கழற்றிவிடுவது, இரண்டையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இறுக்கமான பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று ஒரு ஃபார்வேர்டு வருடா வருடம் வருகிறது. பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை. பயிற்சி முடிந்ததும் நனைந்ததோடு உட்கார்ந்து அரட்டை அடிக்காமல் மாற்றிவிடுங்கள், அதுதான் உண்மையான பிரச்சினை.

துவைப்பதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறது, உள்ளாடையை யாரும் பார்க்காதபடி துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவது. காற்று படாமல் அது அரைகுறையாகக் காய்ந்து, மறுநாள் வேர்த்ததும் ஒரு நாற்றம் கிளம்பும், எந்தச் சோப்பும் அதைப் போக்காது. நிழலில், காற்றில், வெளிப்படையாகப் போடுங்கள். கம்ஃபர்ட் மாதிரி திரவங்கள் வேண்டாம், அது இழையின் மேல் படலமாகப் படிந்து வியர்வையை வெளியே விடாது. முறுக்கிப் பிழியவும் வேண்டாம். கழற்றி எடுக்கிற பேட் இருந்தால் துவைக்கும் முன் எடுத்துவிடுங்கள், மெஷினில் அது சப்பாத்தி மாதிரி மடிந்து ஒரு மூலைக்குப் போய்விடும், திரும்ப நிமிர்த்துவதற்குள் பொறுமை போகும். அந்தப் பேட் மறைப்புக்குத்தான், தாங்குவதற்கு இல்லை.

கடைசியாக, பெண் குழந்தைகள் வைத்திருக்கிற அம்மாக்களுக்கு. பதினொன்று பன்னிரண்டு வயதில் பி.டி. பீரியடுக்கு வயிற்று வலி என்று சொல்லி உட்கார்கிற பெண்ணிடம், கபடியோ ரிலேயோ நன்றாக ஆடிக்கொண்டிருந்து திடீரென்று வேண்டாம் என்கிற பெண்ணிடம், ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கூட்டிக்கொண்டு போய் அளவெடுத்து இரண்டு வாங்கிக் கொடுங்கள். வளருகிற பிள்ளை என்று யூனிஃபார்மை ஒரு சைஸ் பெரியதாக வாங்கி மடித்துத் தைப்போமே, அந்தக் கணக்கு இதற்கு ஆகாது. பெரியதாக வாங்கினால் இன்றைக்கும் தாங்காது, வளர்ந்து சரியாக வருவதற்குள் எலாஸ்டிக் போய்விடும். விலை குறைந்ததாக இருந்தாலும் இன்றைய அளவுக்கு வாங்குங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி அளவெடுங்கள்.