சரக்கைத் தொட மாட்டோம்

தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்றால், 1986-ல் அதிபர் ரீகனின் வீட்டோவையும் மீறி அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய பொருளாதாரத் தடைச் சட்டத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். சரி, பெரிய விஷயம்தான். எனக்கென்னவோ 1984-ல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் நடந்ததுதான் பெரிசாகப் படுகிறது. நெட்லாய்டு கிம்பர்லி என்ற கப்பலில் மற்ற சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இரும்பு, கார் உதிரிபாகம், ஒயின் இதையெல்லாம் தொடவே மாட்டோம் என்று தொழிலாளர்கள் 11 நாள் அடம்பிடித்தார்கள். கடைசியில் கோர்ட் உத்தரவு வந்துதான் அது இறங்கியது.

குன்னூர் கிடங்கில் தேயிலை மூட்டை ஏற்றுகிற எங்கள் தெரு அண்ணனிடம் இதைச் சொன்னேன். தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டே, "வேலைக்கு வேட்டு வைக்கலியா தம்பி?" என்றார். தூதரக மறியல், மாணவர் போராட்டம் என்று எழுதுகிறவர்கள் கேட்காத கேள்வி!

வேலை போனவர்களும் உண்டு. போலராய்டு கம்பெனியின் கேமராவில்தான் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகம் என்ற அடையாள ஏட்டுக்குப் படம் எடுக்கிறார்கள் என்று 1970-லேயே கண்டுபிடித்துக் கம்பெனிக்குள்ளிருந்தே குரல் கொடுத்தவர்கள் இரண்டு ஊழியர்கள், கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும். அப்புறம் கரோலினை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்ப 1977 ஆகிவிட்டது.