ஜெஸ் புதருக்குள் காயம்பட்ட எருமை: ஒரு வேட்டைப் பருவத்தின் குறிப்பேடு

ஜூன் 3

இந்தக் குறிப்புகள் ஜிம்பாப்வேயின் ஜாம்பசிப் பள்ளத்தாக்கில், உரிமத்தோடு நடக்கும் கேப் எருமை வேட்டைக்கானவை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோனது. இதில் எதையும் இந்தியாவில் முயல வேண்டாம். காட்டெருமை என்றதும் முதுமலைச் சாலையோரம் நிற்கும் காட்டுமாடு நினைவுக்கு வரும். அது வேறு. குளத்தில் கிடக்கும் நம் எருமையும் வேறு பேரினம். கேப் எருமையை எவரும் பழக்கி ஏரில் பூட்டியதில்லை. வளர்ந்த கடா 600 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், அதாவது வினாடிக்குச் சுமார் 15 மீட்டர்.

ஜெஸ் என்று இந்தப் பள்ளத்தாக்கில் சொல்கிற அடர்புதருக்குள் பார்வை எட்டுவது பல இடங்களில் 15 மீட்டர்தான். கணக்கு அவ்வளவே. பாய்ச்சல் தொடங்கிய பிறகு யோசிக்க நேரம் கிடையாது. யோசிக்க வேண்டியதை எல்லாம் முகாமிலேயே யோசித்துவிட வேண்டும்.

ஜூன் 4

துப்பாக்கி. எருமைக்கு ஜிம்பாப்வே விதி கேட்கும் குறைந்தபட்சம் 9.2 மி.மீ. குண்டு, 5.3 கிலோஜூல் ஆற்றல். 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் இதைத் தாண்டும் (எண், ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலத்தில்). 300 கிரெய்ன் குண்டு, ஏறத்தாழ 19 கிராம். பாய்ந்து வருவதை நிறுத்த வழிகாட்டிகள் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் .416, .458, அல்லது .470 இரட்டைக்குழல். விருந்தாளி வேட்டைக்காரர் அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டியதில்லை. பெரிய தோட்டாவின் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுகிறவர், .458ஐ வயிற்றில் பாய்ச்சுவார். .375ஐ நெஞ்சில் பாய்ச்சுகிறவர் அவரைவிட எவ்வளவோ மேல்.

போல்ட் துப்பாக்கியில் (கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) அதிகம் நேரும் தவறு, பதற்றத்தில் போல்ட்டை முழுதாகப் பின்னுக்கு இழுக்காமல் பாதியிலேயே முன்னுக்குத் தள்ளுவது. வெற்றுக்கூடு வெளியே விழுந்துவிடும். மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அடுத்த தோட்டா ஏறாது. கைக்கு எல்லாம் சரியாக நடந்ததுபோலவே தெரியும். விசையை இழுத்தால் 'டிக்'. மருந்து: போலித் தோட்டாக்களை வைத்து, துப்பாக்கிக் கட்டையைத் தோளிலிருந்து எடுக்காமல், போல்ட் பின்சுவரில் இடிக்கும் சத்தம் கேட்கும்வரை இழுத்துப் பழகுவது. தினம் 50 தடவை, இரண்டு மாதம். சலிப்பான வேலைதான்.

கொண்டுபோகும் ஒவ்வொரு தோட்டாவையும் முன்கூட்டியே குழலின் அறைக்குள் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் நிரப்பிய தோட்டாவில் கூடு துளி பருத்திருந்தாலும் போல்ட் மூடாது. இதை முகாமுக்கு வெளியே, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துச் செய்யவும்.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 1 முதல் 4 மடங்கு வரை மாற்றக்கூடியது போதும். நடக்கும்போது எப்போதும் 1இல் இருக்கட்டும். 4இல் மறந்து விட்டுவிட்டால், பத்து மீட்டரில் கண்ணாடி முழுக்கக் கறுப்பு ரோமம்தான் தெரியும். அது தலையா, தோளா, அடிமரமா என்று சொல்ல முடியாது. புதருக்குள் நுழையுமுன் ஸ்கோப்பைக் கழற்றி இரும்புக் குறியோடு போகிறவர்களும் உண்டு. கழற்றிப் பழகியிருந்தால் மட்டும்.

ஜூன் 6

பயிற்சி. முக்காலியில் சாய்த்து 60 மீட்டரில் சுடுவது முதல் குண்டுக்கான பயிற்சி. பாய்ச்சலுக்கு அது உதவாது. பழைய கார் டயருக்குள் அட்டையைப் பொருத்தி, சரிவில் மேலிருந்து உருட்டிவிடச் சொல்லவும். உருட்டுகிறவர் பாறைக்கோ மண்மேட்டுக்கோ பின்னால், சுடும் கோட்டுக்கு முற்றிலும் வெளியே இருக்க வேண்டும். டயர் துள்ளும், விலகும், வேகமெடுக்கும். முதல் நாள் எல்லோரும் 30 மீட்டரிலேயே அவசரப்பட்டுச் சுட்டுவிட்டு, டயர் காலடிக்கு வரும்போது போல்ட்டோடு மல்லாடுவார்கள். நான்காம் நாள் பொறுக்கத் தொடங்குவார்கள்.

ஜூன் 9

பாய்ச்சல் பெரும்பாலும் மோசமான முதல் குண்டில்தான் பிறக்கிறது. மான் வேட்டையில் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில் குறிவைக்கிறார்கள். எருமையின் இதயம் அதற்கு முன்னாலும் கீழேயும் இருக்கிறது. தோளுக்கு மேலே எலும்புகள் நீண்டு எழும்பியிருப்பதால் உடம்பு உள்ளதைவிட உயரமாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே மேலேறி, உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்தவும்.

முதல் தோட்டா சாஃப்ட்: மலர்ந்து உள்ளேயே தங்கும், மந்தையில் பின்னால் நிற்கும் இன்னொன்றைத் துளைக்காது. மேகசினில் அடுத்தவை சாலிட்: மலராது, எலும்பை ஊடுருவி ஆழம் போகும். ஓடுகிற எருமைக்குப் பின்பக்கத்திலிருந்து சுட நேர்ந்தால் சாலிட்தான் நெஞ்சுவரை எட்டும். கண்ணுக்குத் தெரிகிறவரை, பக்கத்தில் வேறு உருப்படி இல்லாதவரை, சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "முதல் குண்டு நன்றாகப் பட்டது" என்று நின்று ரசிப்பதற்கு இங்கே கூலி பெரிது. ரத்தம் சிந்தினாலே முழுக் கட்டணம் என்பதும் வழக்கம். தப்பிவிட்டது என்று தள்ளுபடி கிடையாது.

ஜூன் 10

குண்டு பட்ட இடத்தில் நின்று படிக்க வேண்டியவை. நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரைமணி பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மென்ற புல்லும் பச்சை நீரும் கலந்து ரத்தம் கொஞ்சமே இருந்தால் வயிறு. பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் நிறையக் கொட்டி, பிறகு சட்டென்று நின்றுபோனால் கால் அல்லது மேல்தசை. அதுதான் கெட்ட சேதி: அந்தக் கடாவுக்கு மூச்சும் உண்டு, பலமும் உண்டு, கோபமும் உண்டு. புல்லில் ரத்தம் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் தடவியிருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளவும்.

உள்ளிருந்து இழுத்து முனகும் நீண்ட குரல் கேட்டால் சாகிறது என்று பொருள். கேட்காவிட்டால் சாகவில்லை என்று முடிவுகட்டவும் முடியாது.

ஜூன் 11

பின்தொடர்வது. தடம் பார்ப்பவரின் கண் தரையில் மட்டும். அவருக்கு வேறு பொறுப்பு தரக் கூடாது. அவருக்கு இருபுறமும் அரையடி பின்னால் துப்பாக்கிகள், கண் முன்னாலும் பக்கத்திலும். எவர் எந்தப் பக்கம் சுடுவார் என்று நுழையுமுன்பே வாய்விட்டுப் பேசி முடிவு செய்யவும். எருமை வந்தால் தடம் பார்ப்பவர் எந்தத் திசையில் விலகுவார் என்பதையும்தான். காயம்பட்ட எருமைக்கு அடுத்தபடியான ஆபத்து, பக்கத்திலிருக்கும் நண்பரின் குழல்.

சில அடிக்கு ஒருமுறை மண்டியிட்டுப் பார்க்கவும். ஜெஸ்ஸின் இலை இடுப்புக்கு மேலேதான் அடர்த்தி. கீழே கால்கள் தெரியும். எருமை முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைகள் சீறலோடு எழும்பினால் அங்கேதான் இருக்கிறது. காயம்பட்ட கடா போன வழியிலேயே சுற்றி வந்து, தன் தடத்துக்குப் பக்கவாட்டில் காற்றின் வாகு பார்த்துப் படுத்திருக்கும். முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு போகிறவர் அதைக் கடந்தே போய்விடுவார்.

வரும்போது: ஜல்லிக்கட்டுக் காளை தலையைத் தாழ்த்தி வருவதைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதாக இருக்கும். கேப் எருமை மூக்கை நீட்டி, தலையை உயர்த்தி, கண்ணை நம்மேல் வைத்தே வருகிறது. முட்டும் கடைசிக் கணத்தில்தான் தாழ்த்தும். தலை உயர்ந்திருக்கையில் நெற்றிக் கொம்புக் கவசத்தை நோக்கிச் சுட்டால் குண்டு மூளைக்கு மேலே போகும், அல்லது வழுக்கும். மூளை அதற்குக் கீழே, பின்னால். மூக்கு வழியாகவே அதற்குப் பாதை. தலை தாழ்ந்துவிட்டால் குறி மாறுகிறது: கவசத்துக்குப் பின்னால், கழுத்தில் ஓடும் முதுகெலும்பு.

இதயத்தில் பட்டாலும் உடனே விழாது. மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயுவில் பத்துப் பதினைந்து வினாடி ஓடும், நம்மை எட்டுவதற்கு அது தாராளம். நிறுத்துவது மூளையும் முதுகெலும்பும்தான். ஓடாதீர்கள், ஓடினால் சுடக் கை இல்லாமல் போகிறது, எருமையை முந்தவும் முடியாது. முடிந்தால் மண்டியிடவும், சுடும் கோடு நேராகும். முதல் குண்டு விழுத்தாவிட்டால் போல்ட்டை முழுசாக இழுக்கவும், ஜூன் 4ஆம் தேதிக் குறிப்பைப் பார்க்கவும்.

ஜூன் 12

விழுந்ததை அணுகுவது பின்பக்கமாக, கால்களுக்கு எட்டாத தொலைவில். நீண்ட குச்சியால் கண்மணியைத் தொடவும். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது. தொடுவதற்கு முன்பே ஒரு குண்டு கூடச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். புகைப்படத்துக்கு முன்னால் நின்று கொம்பைப் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஜூன் 14

பை. தொடையின் ரத்தக் குழாயில் கொம்பு ஏறினால் சில நிமிடங்களே உண்டு. ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை ஒவ்வொருவர் இடுப்பிலும், ஒரு கையால் எட்டும் இடத்தில். கட்டிய நேரத்தை அந்தப் பட்டையிலேயே எழுதவும். இடுப்பு மடிப்பில் பட்டை பிடிக்காது. அங்கே துணியை ஆழத் திணித்து முட்டியால் அழுத்துவதுதான் வழி. செயற்கைக்கோள் போன் வண்டியில் இருந்தால் பயனில்லை, நடக்கிறவர் பையில் இருக்க வேண்டும். விமானம் இறங்கும் மண் தளம் எங்கே என்று வரைபடத்தில் முன்பே குறித்துவைக்கவும்.

ஜூன் 17

காயம்பட்ட சிறுத்தைக்கு மேற்சொன்னதில் பாதி செல்லாது. எடை 60 கிலோதான், ஆனால் தரையோடு தரையாக வரும், கடைசி நொடிவரை சத்தமே இராது. நகத்தடியில் அழுகிய இறைச்சி ஒட்டியிருப்பதால் சின்னக் கீறலும் சீழ் பிடிக்கும். சுத்தமான நீரால் நன்றாகக் கழுவி, மருத்துவர் சொன்ன ஆன்டிபயாடிக்கை அன்றே தொடங்க வேண்டும். சிறுத்தைக்கான துப்பாக்கியும் தோட்டாவும் தனிக் குறிப்பில் வரும். இன்றைய மிச்ச வேலை: போலித் தோட்டாக்களின் நுனி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், இரண்டு டயருக்கும் புது அட்டை.