பச்சையாக 3 டன், காய்ந்தால் 2 டன்

விறகுத் தொட்டியில் உடைத்த விறகு வாங்குவதைவிட, ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து இறங்கும் நீளக்கட்டையை லோடாக எடுத்தால் டன்னுக்கு விலை குறைவுதான். ஆனால் அந்த விலையில் தண்ணீருக்கும் காசு இருக்கிறது. நாங்கள் பேரம் பேசும் முன் போடும் கணக்கு இது: பச்சை மரத்தின் எடையில் 45 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொண்டால், 3 டன் லோடில் கட்டை 1,650 கிலோ, தண்ணீர் 1,350 கிலோ. புகையாமல் எரிய ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். இறங்கியதும் அதே லோடு 2,060 கிலோதான் நிற்கும். அதாவது 3,000-இல் 0.69 பங்கு. அதனால் கேட்கிற டன் விலையை 0.69-ஆல் வகுத்து, வரும் தொகையைத் தொட்டி விலையோடு ஒப்பிடுங்கள். அறுப்புக் கூலி, பிளப்புக் கூலி அதற்கு மேல்.

வாங்கும் மாதம் முக்கியம். தை, மாசியில் இறங்கும் லோடுக்குச் சேலத்துப் பங்குனி, சித்திரை வெயில் முழுசாகக் கிடைக்கும். ஆடிக்குப் பிறகு எடுத்தால் ஐப்பசி மழைக்குள் காயாது.

காகித வேலையை விற்பவர் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. மலையில் பட்டா நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி வெட்ட அனுமதி தேவை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதைத் தருகிறது. வனத்துறை பாஸ் வண்டியோடு வர வேண்டும். பாஸில் இருக்கிற மரமும் வண்டியில் இருக்கிற மரமும் ஒன்றா என்று ஏற்றும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். வழியில் நிறுத்தினால் மாட்டுவது லோடும் வண்டியும்தான்.

கட்டை நீளம் 8 அடிக்கு மேல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை வளைவில் எதிரே வரும் வண்டிமேல் உரசும். இன்னொரு வசதியும் உண்டு. 8 அடி என்றால் 96 அங்குலம், 16 அங்குலத் துண்டாக ஆறு. மிச்சம் மீதி இல்லை.

கலப்பு லோடில்தான் ஏமாற்றம். தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் நேராகப் பிளக்கும், சீக்கிரம் காயும். வெந்நீர் அடுப்புக்கும் வீட்டுச் சமையலுக்கும் போதும். புளி, வாகை கலந்திருந்தால் மண்டபச் சமையல் அடுப்புக்குக் கங்கு நிற்கும். முள்முருங்கை கலந்திருந்தால் அந்தக் கட்டையைத் தனியாக இறக்கச் சொல்லுங்கள். காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்ற நடுகிற மரம் அது. பச்சையில் ஈரத்தால் கனக்கும், எடை மேடையில் காசு பிடுங்கும், காய்ந்தால் தக்கை. பட்டையில் முள் அல்லது முள் விழுந்த தடம் இருக்கும். வெட்டு முகம் வெளிறி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும்.

எடை மேடையில் வெற்று வண்டி எடையும் லோடு எடையும் ஒரே மேடையில், ஒரே நாளில் எடுக்க வேண்டும். டிரைவரும் கிளீனரும் இரண்டு தடவையும் உள்ளே இருக்கட்டும், அல்லது இரண்டு தடவையும் இறங்கட்டும். வெற்று எடைக்குப் பிறகு டீசல் நிரப்பினால் அதுவும் விறகுக் கணக்கில் ஏறும். மழையில் நனைந்த லோடை அன்றைக்கு எடை போடவே கூடாது.

கன அடிக்கு விற்பவர் கிடைத்தால் விடாதீர்கள். மரக்கடைக்காரர்கள் கட்டையின் நடுவில் கயிறு சுற்றி, அதை நாலாக மடித்து, அந்த நீளத்தை அதாலேயே பெருக்கி, கட்டை நீளத்தாலும் பெருக்குவார்கள். சுற்றளவு 4 அடி, நீளம் 8 அடி என்றால் 8 கன அடி. உருண்டைக் கட்டையின் உண்மைக் கொள்ளளவு 10 கன அடிக்குச் சற்று மேல். பலகை அறுக்கும்போது வீணாகும் பக்கக்கட்டைக்காக விட்டுக்கொடுத்த கணக்கு அது. விறகுக்காரனுக்குப் பக்கக்கட்டையும் எரியும்.

லோடு இறங்கியதும் அறுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. முழுக் கட்டையில் பட்டை ஈரத்தைப் பூட்டி வைக்கும். ஈரம் முக்கியமாக வெட்டு முனை வழியாகத்தான் வெளியேறும். 8 அடிக் கட்டையை ஆறு மாதம் போட்டு வைத்தாலும் நடுவில் பச்சையாகவே இருக்கும். அதற்குள் பட்டைக்கடியில் வண்டு துளைத்து மாவு கொட்ட ஆரம்பித்துவிடும்.

அறுக்கும் முன் பட்டையில் ஒட்டிய மண்ணைக் கம்பி பிரஷால் தட்டிவிடுங்கள். பவர் சா, அதாவது பெட்ரோல் ரம்பத்தின் செயினை மொட்டையாக்குவது மரமல்ல, மண். அடுத்தது ஆணி. வேலி ஓரத்து மரத்தில் முள்கம்பி உள்ளேயே மூடி வளர்ந்திருக்கும். வெட்டு முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அந்த இடத்தைத் தாண்டி அறுங்கள். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறை அது. செயின் கூராக இருந்தால் சீவல் சீவலாக விழும். மாவு மாவாகக் கொட்டினாலோ ரம்பம் ஒரு பக்கமாக வளைந்து போனாலோ நிறுத்தி அரம் போட வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு, முன்னோக்கி மட்டும். பெட்ரோல் கலவையைப் பல மெஷின்களில் லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் மெஷின் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். செயின் ஆயில் வேறு, இது வேறு.

தரையில் கிடக்கும் கட்டையை ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் செயின் மண்ணைக் கடிக்கும். 16 அங்குலக் குச்சியை வைத்துக் குறித்து, ஐந்து இடத்திலும் முக்கால் ஆழம் அறுத்து, கடப்பாரையால் கட்டையைப் புரட்டி, மிச்சத்தை மேலிருந்து முடிப்பதே சுலபம். இரு முனையும் தாங்கி நடு தொங்கும் கட்டையில் மேல்பக்கம் இறுகும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் பார், அதாவது செயின் ஓடும் தகடு, சிக்கிக்கொள்ளும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் இதற்குத் தலைகீழ். பார் நுனியின் மேல்பாதி எதிலும் படக் கூடாது, பட்டால் மெஷின் முகத்துக்குத் துள்ளும். சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் கொப்புளமும் அரிப்பும் கிளப்பும்; வியர்வையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். முழுக்கை சட்டை, கண்ணாடி இல்லாமல் நிற்க வேண்டாம்.

பிளப்பதும் பச்சையிலேயே. தைலமரத்துக்கு நார் முறுக்கு அதிகம், காய்ந்தால் கோடாலியைப் பிடித்துக்கொள்ளும். சில்வர் ஓக்கில் வெட்டு முகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் ரேகை பளிச்சென்று தெரியும். அந்த ரேகை மேலேயே போட்டால் ஒரே அடி. இரண்டடி அகலத் துண்டை நடுவில் அடித்துக் கை வலிக்க வேண்டாம், ஓரத்திலிருந்து சில்லுச் சில்லாக எடுத்துக்கொண்டே வாருங்கள். கணு இருக்கும் முனையைக் கீழே வைக்க வேண்டும். புளியங்கணுவுக்குக் கோடாலியே வேண்டாம், இரும்பு ஆப்பு இரண்டும் சம்மட்டியும்தான்.

அடுக்குக்குக் கீழே கல்லோ பழைய ரீப்பரோ போட்டு அரையடி தூக்கிவிட்டால் கரையான் ஏறுவது கண்ணில் படும். ஒற்றை வரிசையாக, காற்று குறுக்கே பாயும்படி வைத்து, தலைக்கு மட்டும் தகரம் போடுகிறோம். தார்ப்பாயால் நாலு பக்கமும் போர்த்திவிடுகிறவர்கள் நிறைய. உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டில் சாக்பீஸால் குறி போட்டு, வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். முதல் வாரங்களில் சடசடவென்று குறையும். இரண்டு வாரம் ஒரே எடை காட்டினால் எரிக்கலாம். ஈரம் காட்டும் மீட்டர் இருந்தால் அப்போதே பிளந்த உள்முகத்தில் குத்துங்கள், வெளிமுகம் பொய் சொல்லும். வெயில் காலத்தில் சில்வர் ஓக்குக்கு மூன்று மாதம் போதும், புளிக்கு அது இரட்டிப்பாகும்.

அடுக்கிலிருந்து எடுக்கும்போது மேலிருந்து, ஒரு கட்டையால் தட்டிவிட்டு எடுங்கள். இடுக்கில் தேள் இருக்கும், மழைக்காலத்தில் கட்டுவிரியனும்.