50க்கு 43: காலமைக் கள்ளுக்குப் புள்ளி போட்டது

கனடாவில இருந்து வந்து நிக்கிற மச்சான் ஒராள் பியர் குடிக்கிற விதமே வேற, அங்க தாங்களே பியர் காய்ச்சி விக்கிற புரூபப் ஒண்டுக்குப் போய் சின்னச் சின்ன கிளாசில நாலைஞ்சு விதம் எடுத்து வச்சு, மணந்து பார்த்து, நுரை எவ்வளவு நேரம் நிண்டது, தொண்டையால இறங்கின பிறகு என்ன மிஞ்சினது எண்டு போனில எழுதி எழுதிப் புள்ளி போடுவார். அந்தப் பட்டியலை வாங்கி இரவு முழுக்க வாசிச்சன். இவ்வளவு கவனத்தை நாங்கள் எங்கட பனங்கள்ளுக்கு ஏன் ஒருநாளும் குடுக்கேல்லை எண்டதுதான் எனக்கு வந்த யோசனை. கள்ளெண்டால் இனிப்பு, புளிப்பு, வெறி, இந்த மூண்டு சொல்லோட எங்கட கதை முடிஞ்சிடும்.

அவர் பாவிக்கிறது அமெரிக்காவில 1985ல தொடங்கின பியர் ஜட்ஜ் சேர்ட்டிபிகேஷன் புரோகிராம் எண்ட, பியர் நடுவர்மாருக்குச் சான்றிதழ் குடுக்கிற அமைப்பின்ர புள்ளித்தாள். மொத்தம் 50 புள்ளி. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய்க்குள்ள அது எப்பிடி இருக்குது எண்டதுக்கு 5, மிச்சம் 10 மொத்த அபிப்பிராயத்துக்கு. தோற்றத்துக்கு வெறும் 3 தான் எண்டதே எனக்கு நல்லாப் பிடிச்சுது, ஏனெண்டால் கள்ளு அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கலங்கித்தான் இருக்கும், அதைப் பார்த்து மார்க் வெட்டக்கூடாது.

சரி, முதல் ஆண்பனை. வடமராட்சியில எங்கட காணியில நிக்கிற மரம், ரெண்டு நேரமும் சீவ வாற அண்ணை ஒராள் இருக்கிறார். காலமை வெயில் ஏற முதல் முட்டி இறங்கினது. அவர் பன்னாடையைப் பிடிச்சு வடிச்சார், உள்ள விழுந்து கிடந்த தேனீயும் எறும்பும் அதில நிண்டுட்டுது. பிறகு ஓலை ஒண்டை வளைச்சு முனையைக் கட்டிப் பிளா செய்து தந்தார், கண்ணாடிக் கிளாஸ் கொண்டு போனதை நான் வெளியிலேயே எடுக்கேல்லை. பிளாவைக் கிட்டக் கொண்டு போகேக்கையே பச்சை ஓலை மணம், அதுக்குப் பின்னால பழுத்த வாழைப்பழ மணம், அதுக்கும் கீழ லேசாப் பாளையின்ர மணம். மச்சான் உடனே சொன்னார், "டேய், இது ஜெர்மன் கோதுமைப் பியரில வாற மணமடா!" அவர் சொன்னது சரிதான், அந்தப் பியரில வாழைப்பழ மணத்தைக் குடுக்கிறது பழமில்லை, அதைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர், ஈஸ்ற். கள்ளிலயும் ஈஸ்ற்தான் வேலை செய்யுது. முதல் மிடறு இனிப்பு, நடு நாக்கில குறுகுறுவெண்டு காஸ், கடைசியில ஒரு சின்னப் புளிப்பு வந்து அந்த இனிப்பைத் துடைச்சுக்கொண்டு போகும். அந்தக் கடைசிப் புளிப்பு இல்லாட்டி அது வெறும் சீனித்தண்ணி.

மணம் 11, தோற்றம் 2, சுவை 17, வாய் 4, மொத்த அபிப்பிராயம் 9. கூட்டினால் 43. மச்சானும் தனிய எழுதினவர், அவர் போட்டது 41.

இந்தச் சாமானில ஒருத்தரும் ஈஸ்ற் போடுறேல்லை எண்டதை யோசிச்சுப் பாருங்கோ. பாளையில இருந்து சொட்டுற சாறில நூற்றுக்கு 10, 12 பங்கு சீனி இருக்கும், காத்திலயும் பூச்சியிலயும் இருந்து வாற ஈஸ்ற் ஒரு பக்கம், நேற்றையான் கள்ளு ஒட்டியிருக்கிற அந்த மண்முட்டி இன்னொரு பக்கம், சாறு விழ விழவே பொங்கத் தொடங்கிடும். அதே முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினால் பொங்கிறது நிண்டு வெறிக்காத கருப்பணி, அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை, சுண்ணாம்பு மட்டும்தான் வித்தியாசம். பெல்ஜியத்தில பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் எண்டு ஒரு பியர் இருக்குது, அதுக்கும் வெளிக்காத்தில இருக்கிற ஈஸ்ற்தான், மரப்பீப்பாவில ஒரு வருசம், ரெண்டு வருசம், மூண்டு வருசம் எண்டு கிடத்துவினம், உலகம் முழுக்க இருந்து ஆக்கள் அதைத் தேடிப் போகினம். எங்கட ஆள் அதே மாதிரி வேலையை ஒரு இரவில முடிச்சுப்போட்டுக் காலமை மரத்தில தொங்கிக்கொண்டு நிக்கிறார்!

பின்னேரம் அதே மரத்தின்ர முட்டி. பகல் வெயில் முழுக்க மேல கிடந்த கள்ளு, அதால இனிப்பு பாதிக்கு மேல போயிட்டுது, வெறி கூட, புளிப்பு முன்னுக்கு வந்து நிக்குது. மணத்தில வாழைப்பழம் குறைஞ்சு வினாகிரிப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. ஆனா காஸ் அருமை, வாய்க்கு முழு 5 குடுத்தன். கணவாய்ப் பொரியலோட குடிக்க இதுதான் திறம், காலமைக் கள்ளு அந்த உறைப்புக்கு முன்னால நிண்டு பிடிக்காது. கூட்டிப் பார்க்க 36.

தென்னங்கள்ளு பளைப் பக்கத்தால வந்தது. வெள்ளையா வடிவா இருந்தது, தோற்றத்துக்கு முழு 3ம் வாங்கினது அது ஒண்டுதான், மற்றபடி மணம் மெல்லிசு, இனிப்பு ஒரே மட்டத்தில போய் முடிஞ்சுது. 32. வருசம் முழுக்கக் கிடைக்குது எண்டதுக்காக நான் ஒண்டும் கூட்டிப் போடேல்லை. போத்தலில அடைச்ச கள்ளு ஒண்டும் வாங்கினாங்கள். சூடாக்கி ஈஸ்றைச் சாகடிச்ச பிறகு அதில என்ன இருக்கப்போகுது, 19.

இனித்தான் எனக்குச் சொல்லவேண்டிய விசயம். தவறணையில, அதுதான் கள்ளுக்கடையில, குடிச்சதுக்கு 27 தான் போட முடிஞ்சுது, அதுக்குக் காரணம் கள்ளு கூடாது எண்டதில்லை. எல்லாச் சீவல்காரரும் கொண்டு வந்து குடுக்கிறதை ஒண்டாக் கலந்து ஊத்துவினம், ஆண்பனை, பெண்பனை, காலமை, பின்னேரம் எல்லாம் ஒரே பரலுக்குள்ள. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம் இருக்குது, சீவுற கைக்கும் இருக்குது, பாளையை எவ்வளவு மெல்லிசாச் சீவுறார், எப்பிடித் தட்டிப் பதப்படுத்துறார் எண்டதில சாறு மாறும். தளைநாரைக் காலில மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் உயிரைக் குடுத்து ஏறுற மனுசன்ர வேலை அந்தப் பரலுக்குள்ள விழுந்த உடன பேரில்லாமல் போகுது. அண்ணையிட்டக் கேட்டன், "உங்கட முட்டியை வேற ஆக்களின்ரயோட வச்சுக் குடிச்சால் கண்டுபிடிப்பியளோ?" "ஏன் தம்பி, மணத்திலயே சொல்லுவன்" எண்டார்.

புரூபப்பில பலகையில எழுதி வைக்கிறாங்கள், எந்தப் பியர், என்ன மோல்ற் (முளைக்க வச்ச தானியம்), என்ன ஹொப்ஸ் (கைப்பும் மணமும் குடுக்கிற பூ), வெறி எத்தினை சதவீதம் எண்டு. எங்கட தவறணையில ஒரு சின்னப் பலகை போதும்: எந்த ஊர், ஆணோ பெண்ணோ, காலமையோ பின்னேரமோ. தனி முட்டிக் கள்ளுக்கு விலை கூட வையுங்கோ, நான் குடுப்பன், வெளிநாட்டில இருந்து வாற எங்கட சனம் அதைவிடக் கூடக் குடுக்கும், அந்தக் கூடுற காசு சீவுற ஆளின்ர கையுக்கு நேரப் போகோணும்.

மச்சான் கொண்டு வந்த கான் ஒண்டையும் கடைசியா உடைச்சனாங்கள், ஐபிஏ எண்டு ஹொப்ஸ் கூடின பியர் வகை. தோடம்பழத்தோல் மணம் தூக்கலா இருந்தது, கைப்பு நாக்கில கனநேரம் நிண்டது, நல்ல பியர், 38 போட்டன். அண்ணைக்கும் ஒரு வாய் குடுத்தம், அவர் வடிவா மணந்து பார்த்துட்டு "வேப்பம்பூ" எண்டார், மச்சான் அதை அப்பிடியே போனில எழுதினவர்.

பெண்பனைக்கு இன்னும் புள்ளி போடேல்லை. ஆண்பனை குறைஞ்சு அது நல்லா ஓடத் தொடங்கட்டும், அதே தாளோட போவம். அதுக்கு முதல் உங்கட ஊர்க் கள்ளுக்கு ஆராவது இப்பிடிப் புள்ளி போட்டுப் பாருங்கோ, தீவுப்பக்கத்து ஆக்கள் கட்டாயம் போடோணும், காலமை முட்டியும் பின்னேர முட்டியும் தனித்தனியா, மறக்காமல் பிளாவில.