வாசல் கல்லில் ஜேனட்டின் பெயர்

மழையில் நனைந்து எழுத்துகள் கறுத்திருந்தன. விடுமுறைக்குத் தங்க வந்த பழைய ஸ்காட்லாந்து வீட்டின் சாவியைக் கையில் பிடித்தபடியே, கதவுக்கு மேலே இருந்த கல்லை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன்: இறைவன் திருப்பெயர் வாழ்க; பார்க் என்ற இந்த இடத்துத் தாமஸ் ஹேயும் அவர் மனைவி ஜேனட் மக்டவலும் 1590 மார்ச் முதல் நாள் இந்த வேலையைத் தொடங்கினார்கள்.

"பெண்டாட்டி பேரையும் சேர்த்து வெட்டியிருக்காரே!" என்றார் அம்மா. அதுவும் பிறந்த வீட்டுப் பெயர். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அதையே வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வீடு பிடித்துப்போனது அந்த வாசலில்தான்.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், கிளென்லூஸ் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கேஸில் ஆஃப் பார்க். பெயரில்தான் கோட்டை, உண்மையில் ஒரு குடும்பம் பாதுகாப்பாக வாழக் கட்டிய கோபுர வீடு. அகலமாக விரியாமல் அறைமேல் அறையாக உயர்கிறது. கீழே கல் வளைகூரை போட்ட பழைய சமையலறையும் கிடங்குகளும், அதற்கு மேல் கூடம், அதற்கும் மேல் படுக்கையறைகள். நெடுநாள் ஆளில்லாமல் கிடந்ததை 1990களில் லேண்ட்மார்க் டிரஸ்ட் குடியிருக்கத் தக்கதாக்கி விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. பழைய கட்டடங்களை இப்படிக் காப்பாற்றுவதற்கென்றே 1965-ல் தொடங்கிய அமைப்பு அது. நாம் கொடுக்கும் வாடகை கட்டடப் பராமரிப்புக்கே போகிறது என்பதில் எனக்கு நிறைவு.

சுழல் படிக்கட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறலாம். முதல் நாள் அம்மா சுவரைத் தடவித் தடவி ஏறினார். மூன்றாம் நாள் காபி டம்ளரோடு இறங்கி வந்தார்! இரவில் கூடத்தில் விறகு எரித்தோம். அந்தக் கணப்புக்குள் ஒரு ஆளே நிற்கலாம், அவ்வளவு பெரியது. டிவி கிடையாது. அலமாரியில் புத்தகங்களும், முன்பு தங்கியவர்கள் எழுதி வைத்த குறிப்பேடும் இருந்தன. அதைப் படித்தே ஒரு மாலை போனது.

அப்புறம் கிளென்லூஸ் மடாலயம். 1190களில் தொடங்கிய அந்த மடத்தின் கற்களைக் கொண்டுவந்துதான் இந்த வீட்டைக் கட்டினார்கள் என்கிறார்கள். துறவிகள் பதித்த சுடுமண் தண்ணீர்க் குழாய்களை அங்கே இன்றும் பார்க்கலாம். ஒன்றோடொன்று எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

போவதாக இருந்தால் நான்கு இரவாவது தங்குங்கள். படிக்கட்டு காலுக்குப் பழகவே இரண்டு நாள் ஆகும்.